கதவில் தொங்கும் அட்டை

சிறு விஷயங்களைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவது பத்திரிகையின் கௌரவத்துக்குக் குறைவு என்று கருதுவோர் உண்டு. நாம் அவ்விதம் கருதுவதில்லை. குடும்பங்களில் உண்டாகும் மனஸ்தாபங்களைக் கணக்கெடுத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அற்ப காரணங்களால் விளைந்தவை என்பது தெரியவரும். வேலையாக இருந்த ஒருவரிடம் மற்றொருவர் சமயம் தெரியாமல் பேச்சுக் கொடுத்தார். அவர் முகத்தைச் சுளித்தார். அதைக் கண்டு இவர் மனம் நொந்தார். சாயங்காலம் வரை வீட்டில் பேச்சு வார்த்தை இல்லை. இத்தகைய சில்லறைச் சண்டைகளில் ஒன்றையாவது ஒரு துண்டு அட்டை தவிர்க்குமானால், அந்த அட்டையைப் பற்றி எழுதுவது வீண் வேலையாகாது.

நாம் குறிப்பிடும் அட்டை, வீட்டில் ஒருவர் வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போது, அதை மற்றவர்களுக்கு அறிவிப்பதற்காக அறைக் கதவில் மாட்டும் அட்டையாகும். அதைக் கடையில் வாங்க வேண்டியதில்லை. வீட்டில் கிடக்கும் பொருள்களைக் கொண்டு ஒரு சிறுமியும் அரை மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆயினும் அதில் என்ன எழுதுவது, யார் மாட்டுவது, எப்பொழுது எடுப்பது என்பவற்றில் சற்று யோசனை வேண்டியிருக்கிறது. யோசனையின்றி மாட்டிய அட்டை, தவிர்க்க வந்த சண்டையைத் தானே கிளப்பிவிடும்.

வீடு ஆபீஸான கதை

முன்பெல்லாம் இத்தகைய அட்டைக்கு அவசியம் ஏற்படவில்லை. உத்தியோகம் ஆபீஸில் நடந்தது. படிப்பு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வழக்கு நீதி ஸ்தலத்தில் நடந்தது. வெளிக் காரியங்கள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றன. பேசுகிறவரின் முகத்தையும் காட்டும் டெலிபோன் என்பது பழைய கனவுதான். 1964-ல் நியூயார்க்கில் நடந்த உலகப் பொருட்காட்சியில் அமெரிக்காவின் பெரிய டெலிபோன் கம்பெனி அதை ஜனங்களுக்குச் செய்து காட்டிற்று. 1970-ல் பிட்ஸ்பர்க் நகரில் வியாபார ரீதியாகவும் தொடங்கிப் பார்த்தது. கட்டணமோ மிகுதி, வாங்குவாரோ சிலர். அந்த முயற்சி நிலைக்கவில்லை.

பிறகு கம்ப்யூட்டரும் கைபேசியும் வந்து அந்தக் கனவைச் சுலபமாக்கின. எனினும், வீட்டின் ஒழுங்கையே மாற்றும் அளவுக்கு அது பரவியது 2020-ம் வருஷத்தில்தான். அவ்வருஷம் மார்ச் 11-ந் தேதி உலக சுகாதார ஸ்தாபனம் கொரோனா நோயை உலகளாவிய தொற்றாக வர்ணித்தது. மார்ச் 25-ந் தேதி முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு அமலுக்கு வந்தது. ஆபீஸும் பள்ளிக்கூடமும் ஒரே வாரத்தில் வீட்டுக்குள் குடிபுகுந்தன. ஏப்ரல் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, நீதிமன்றங்கள் வீடியோ மூலம் விசாரணை நடத்துவது குறித்து உத்தரவு பிறப்பித்தது. 'ஜூம்' என்னும் ஒரு கம்பெனியின் கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டால், 2019 டிசம்பரில் அதன் கூட்டங்களில் பங்கு கொண்டவர்களின் எண்ணிக்கை நாளொன்றுக்கு அதிகபட்சம் சுமார் 1 கோடி. 2020 ஏப்ரலில் அது 30 கோடியாயிற்று. ஒருவரே ஒரு நாளில் மூன்று கூட்டங்களில் கலந்துகொண்டால் அது மூன்றாக எண்ணப்படும் கணக்கு அது. அப்படிப் பார்த்தாலும் நான்கே மாதங்களில் முப்பது மடங்கு என்பது சாமானிய வளர்ச்சி அன்று.

ஊரடங்கு நீங்கி வருஷங்கள் ஆகிவிட்டன. பள்ளிக்கூடங்களும் ஆபீஸ்களும் திறந்துவிட்டன. ஆயினும் வீடியோ அழைப்பு வீட்டை விட்டுப் போகவில்லை. உத்தியோகத்துக்கான நேர்முகத் தேர்வு, வைத்திய ஆலோசனை, சங்கீத வகுப்பு, அயல்நாட்டில் இருக்கும் முதலாளியின் கூட்டம் ஆகியவையெல்லாம் வீட்டறையிலேயே நடக்கின்றன. வந்த விருந்தாளி தங்கிவிட்டபடியால், வீட்டார் அவருக்கு ஏற்ற ஏற்பாடு ஒன்று செய்துகொள்ள வேண்டியதாயிருக்கிறது.

காணாத விருந்தாளி

'விருந்தாளி' என்று நாம் சொன்னது அலங்காரத்துக்காக அன்று. பிரச்னையின் மூலமே அங்கேதான் இருக்கிறது. ஒருவர் வீட்டுக்கு வந்து கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தால், உள்ளேயிருந்து வருகிற பாட்டி முதல் தவழ்கிற குழந்தை வரை எல்லோரும் அவரைக் காண்கிறார்கள். குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், முந்தானையைச் சரி செய்துகொள்கிறார்கள், சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டு திரும்பிப் போகிறார்கள். இவற்றை யாரும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. வீடியோ அழைப்பில் வருகிறவரோ வீட்டாரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் வீட்டார் அவர் கண்ணுக்குத் தெரிகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்வோம். பேரன் ஓர் உத்தியோகத்துக்காக வீடியோ மூலம் நேர்முகத் தேர்வில் இருந்தான். காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு, எதிர்த் தரப்பார் கேட்பதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பாட்டி ஒரு டம்ளர் மோருடன் உள்ளே வந்து, "காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே, கண்ணு, இதைக் குடித்துவிட்டு உட்காரேன்" என்றார். பேரன் பல்லைக் கடித்துக்கொண்டு கையை வீசிப் போகச் சொன்னான். எதிர்த் தரப்பார் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார்கள். அவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் பாட்டி இரண்டு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. மற்றவர்கள் சமாதானம் சொல்லப் போனபோது அவர் சொன்னதாவது: "அவன் யாரோடும் பேசவில்லையே, சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மாதானே உட்கார்ந்திருந்தான்!"

பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை. கதவருகே நின்று பார்ப்பவருக்கு, ஒரு கூட்டத்தில் இருப்பவனும், சினிமாப் பார்ப்பவனும், ஒன்றும் செய்யாமல் இருப்பவனும் ஒரே மாதிரியாகவே காட்சியளிக்கிறார்கள். ஆகவே, குறுக்கே வந்தவரிடம் கோபித்துக்கொள்வது நியாயமாகாது. காணாத விருந்தாளி வந்திருக்கிறார் என்பதை அறிவிக்கும் கடமை, அவரை அழைத்தவரையே சேர்ந்தது. அந்தக் கடமையை நிறைவேற்றும் கருவிதான் அட்டை.

இந்த விஷயத்தில் உலகம் முழுவதும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 2017 மார்ச் 10-ந் தேதி, தென் கொரியாவின் புஸான் நகரில் பேராசிரியர் ராபர்ட் கெல்லி என்பவர், தம் வீட்டு அறையில் அமர்ந்து பி.பி.சி. டெலிவிஷனுக்கு நேரடிப் பேட்டி அளித்துக்கொண்டிருந்தார். அந்நாட்டு ஜனாதிபதி பார்க் குன்-ஹே பதவி நீக்கப்பட்டதை அரசியல் சட்ட நீதிமன்றம் அன்றுதான் உறுதி செய்திருந்தது. அவர் மிகுந்த கம்பீரத்துடன் பேசிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்த கதவைத் திறந்துகொண்டு அவருடைய சிறு மகள் குதித்து ஆடிக்கொண்டு வந்தாள். அவளைத் தொடர்ந்து நடைவண்டியில் கைக்குழந்தையும் உருண்டு வந்தது. தாய் விழுந்தடித்துக்கொண்டு ஓடிவந்து இருவரையும் வெளியே இழுத்துப் போனார். கதவைத் தாழிட மறந்துவிட்டதாகப் பேராசிரியர் பின்னர் தெரிவித்தார். உலகம் கண்டு சிரித்தது, அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தாயைப் பார்த்தவர்களில் பலர், அவரை வீட்டு வேலைக்கு அமர்த்தப்பட்ட ஆயா என்று எண்ணிவிட்டார்கள். அதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கோருகிறோம். அந்த விஷயத்துக்குப் பிறகு வருவோம்.

நம் வாயில்களின் பாஷை

"இதெல்லாம் ஹோட்டல் வழக்கம், நம் வீட்டுக் கதவில் அறிவிப்புப் பலகை மாட்டுவதாவது! பெற்றவளும் உடன் பிறந்தவளும் அட்டையைப் பார்த்துவிட்டா உள்ளே வர வேண்டும்?" என்று சிலர் ஆட்சேபிக்கக் கூடும். ஆட்சேபம் அன்பிலிருந்து எழுவது. ஆகவே அதற்கு மரியாதையுடன் பதில் சொல்ல வேண்டும்.

நம் நாட்டு வாயில்கள் எப்பொழுதுமே பேசி வந்திருக்கின்றன. வாயிலில் வாழை மரம் கட்டியிருந்தால் உள்ளே கல்யாணம் என்று அறிகிறோம். மாவிலைத் தோரணம் கண்டால் பண்டிகை என்று தெரிந்துகொள்கிறோம். நாள் தோறும் கோலமிடும் வீட்டில் ஒரு நாள் கோலம் இல்லையென்றால், தெருவில் போகிறவரும் என்ன துக்கமோ என்று தயங்கி நிற்கிறார். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்துச் செருகியிருந்தால், அந்த வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று பொருள். பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் 1980-ல் பிரகடனம் செய்தது. ஆயினும் சின்னம்மை கண்ட வீடுகளில் அந்த வேப்பிலையை இன்றும் காணலாம். அதைக் கண்ட அண்டை வீட்டார், கதவைத் தட்டாமல் வாயிலில் நின்றபடியே விசாரித்துவிட்டுப் போகிறார்கள். "உள்ளே வரவேண்டாம்" என்ற செய்தியை ஓர் எழுத்துக்கூட எழுதாமல், யார் மனமும் நோகாமல் சொல்லிவிடுகிறது அந்தக் கொத்து. யாரும் அதை அவமரியாதையாக எண்ணியதில்லை. ஏனெனில் அதன் பொருள் எல்லோருக்கும் தெரியும். அது எல்லா வீட்டுக்கும் பொது. காரியம் முடிந்ததும் அது எடுக்கப்பட்டுவிடும். நம் அட்டைக்கும் இந்த மூன்று லட்சணங்களே போதும்.

இவை இல்லாமற்போனால் என்ன ஆகும் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம். 2020-ல் தொற்றுக் கண்ட வீடுகளின் கதவுகளில் அதிகாரிகள் அறிவிப்புத் தாள்களை ஒட்டினார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் அந்தத் தாளைக் கண்டு, அக்கம்பக்கத்தார் அவ்வீட்டாரைத் தீண்டத்தகாதவர்களைப் போல் நடத்திய சம்பவங்கள் நேர்ந்தன. விஷயம் சுப்ரீம் கோர்ட்டு வரை சென்று, தகுந்த அதிகாரியின் உத்தரவு இன்றி அத்தகைய தாள்களை ஒட்டலாகாது என்று அவ்வருஷம் டிசம்பரில் தீர்ப்பாயிற்று. வீட்டார் தாமே செருகிக்கொள்ளும் வேப்பிலைக்கும், பிறர் கொண்டுவந்து ஒட்டும் தாளுக்கும் உள்ள வித்தியாசத்தை அது நன்கு விளக்கிற்று. வீட்டுக்குள் தொங்கும் அட்டைக்கும் அதே நியாயம் பொருந்தும். குடும்பத்தார் கூடிப் பேசி ஒப்புக்கொண்ட அட்டை வேப்பிலையைப் போல் மதிக்கப்படும். ஒருவர் தம் இஷ்டத்துக்கு மற்றவர்கள் முகத்தில் அறைவதுபோல் மாட்டும் அட்டை அந்தத் தாளின் கதியையே அடையும்.

செய்யும் முறை

இனி, செய்வது எப்படி என்பதைக் கூறுவோம். நம் வீடுகளில் வருஷந்தோறும் மிஞ்சும் ஒரு பொருள், தினசரித் தாள் கிழிக்கும் காலண்டரின் பின்னட்டை. அது கனமானது, எளிதில் வளையாது, ஆணியில் மாட்டுவதற்கு ஓட்டையும் அதில் ஏற்கெனவே உண்டு. பழைய காலண்டரில் மிஞ்சிய தாள்களை நீக்கிவிட்டு, அட்டையின் இரு பக்கமும் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொள்ள வேண்டும். மைதா மாவைக் காய்ச்சிய பசை போதும். ஒட்டியபின் கனமான புத்தகங்களை மேலே ஏற்றி ஓர் இரவு வைத்தால் சுருங்காமல் இருக்கும்.

ஒரு பக்கத்தில் பெரிய சிவப்பு வட்டம் வரைக. முகமும் குரலும் இரண்டும் வெளியே போய்க்கொண்டிருக்கின்றன, உள்ளே வர வேண்டாம் என்பது இதன் பொருள். மறு பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் வரைக. உள்ளே இருப்பவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார், சத்தமில்லாமல் வந்து வேண்டியதை எடுத்துப் போகலாம் என்பது இதன் பொருள். அட்டையே இல்லாவிட்டால் வழக்கம்போல் வரலாம். நிறத்தை மட்டும் நம்பாமல் வட்டம், முக்கோணம் என்று வடிவத்தையும் வேறுபடுத்தச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிறங்களைப் பிரித்தறிய இயலாத கண் சிலருக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது. ஆண்களில் அத்தகையோர் அதிகம். எழுத்தறியாத குழந்தைக்கும், மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கும் தாத்தாவுக்கும் வடிவமே துணை.

வாசகத்தில் கவனம் தேவை. "உள்ளே வராதே" என்று எழுதலாகாது. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறார்கள். ஏவல் வினை அவர்களுக்கு உரியதன்று. "தொந்தரவு செய்யாதீர்கள்" என்பதிலும் குறை உண்டு. வருகிறவரைத் தொந்தரவு என்று அது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. "கூட்டத்தில் இருக்கிறேன். முடிந்ததும் நானே வருகிறேன்" என்று எழுதினால் விஷயமும் விளங்கும், மனமும் நோகாது. எழுத்து இரண்டு விரல் உயரமாவது இருப்பது நலம்.

அட்டையில் மிகவும் முக்கியமான அம்சம் நேரம். "வர வேண்டாம்" என்பது மட்டும் தெரிந்தால் வெளியே நிற்பவருக்கு எரிச்சல் உண்டாகிறது. "11 மணிக்கு முடியும்" என்பதும் தெரிந்தால் அவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். அதற்காக, அட்டையின் வலது விளிம்பில் மேலிருந்து கீழாக 8 முதல் 12 வரையிலும், பிறகு 1 முதல் 7 வரையிலும் மணிகளை வரிசையாக எழுதிக்கொள்க. துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை எடுத்து, கூட்டம் முடியும் மணிக்கு நேராகச் செருகிவிட்டால் போதும். ஒவ்வொரு நாளும் எழுதி அழிக்க வேண்டியதில்லை. அட்டையின் கீழே மற்றொரு கிளிப்பை மாட்டி, நூலில் ஒரு பென்சிலையும் கட்டித் தொங்கவிடலாம். வெளியே இருப்பவர் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி அதில் செருகிவிட்டுப் போவார். "சிலிண்டர் வந்தது, பணம் கொடுத்துவிட்டேன்", "மாமா போன் செய்தார், சாயங்காலம் கூப்பிடச் சொன்னார்" என்பன போன்ற செய்திகள் மறந்துபோகாமல் காத்திருக்கும்.

மாட்டும் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பெரியவர்களின் கண்ணுக்கு நேராக மாட்டிய அட்டை, நான்கு வயதுக் குழந்தையின் தலைக்கு மேலே அந்தரத்தில் தொங்குகிறது. குழந்தை உள்ள வீட்டில், தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் சிறிய சிவப்பு வட்டம் ஒன்றைத் தனியே மாட்டுவது உசிதம். அதைக் குழந்தையைக் கொண்டே வரையச் செய்தால் இன்னும் விசேஷம். தான் வரைந்த சட்டத்தை மீறக் குழந்தையும் யோசிக்கும்.

உபயோகிக்கும் முறை

அட்டையை மாட்டுவது எளிது, எடுப்பதுதான் கடினம். கூட்டம் முடிந்த பிறகும் அட்டை தொங்கிக்கொண்டேயிருந்தால், இரண்டே நாளில் வீட்டார் அதைச் சுவரில் உள்ள படத்தைப்போல் பார்த்துவிட்டுப் போவார்கள். 'புலி வருகிறது, புலி வருகிறது' என்று சும்மா கூவிய பையனின் கதை நாம் எல்லோரும் அறிந்ததே. தூங்குவதற்கும், பத்திரிகை படிப்பதற்கும், வீட்டு வேலையிலிருந்து தப்பித்துக்கொள்வதற்கும் அட்டையை மாட்டுகிறவர், உண்மையான தேவை வரும்பொழுது யாரையும் குறை சொல்லத் தகுதியற்றவர். கூட்டம் முடிந்து அறையை விட்டு வெளியே வரும்போது, அட்டையைக் கையோடு எடுத்து வருவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எந்தச் சமயத்தில் அட்டையை மீறலாம் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர் தவறி விழுந்தார், குழந்தைக்குக் காயம் பட்டது, அடுப்படியில் நெருப்பு, காஸ் நாற்றம் என்றால் கதவைத் தட்டவும் வேண்டாம், உடனே உள்ளே வரலாம். அதற்குக் குறைந்த அவசரமானால் இரண்டு முறை மெதுவாகத் தட்டிவிட்டுக் காத்திருக்கலாம். உள்ளே இருப்பவர் தம் குரலை அடைத்துவிட்டு எழுந்து வருவார். பயந்துபோய் நெருப்பைக்கூடச் சொல்லத் தயங்கும் நிலைமையை அட்டை உண்டாக்கிவிடக் கூடாது.

உட்காரும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புஸான் பேராசிரியருக்குக் கதவு முதுகுப் புறம் இருந்தது. வந்தவர்களை உலகம் கண்ட பிறகே அவர் கண்டார். சுவருக்கு முதுகைக் காட்டி, கதவைப் பார்த்தவாறு உட்கார்ந்தால், காமிராவுக்குச் சுவர் மட்டுமே தெரியும். வருகிறவரை நாமே முதலில் கண்டு கையால் ஜாடை காட்டலாம். அட்டை தவறினாலும் இந்த ஏற்பாடு காப்பாற்றும்.

அறை இல்லாத வீடுகள்

இதுவரை சொன்னதெல்லாம், மூடுவதற்கு ஒரு கதவு உள்ளவர்களுக்குத்தான். நம் நாட்டில் அது எல்லோருக்கும் கிடைத்த பாக்கியம் அன்று. 2011-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி, இந்தியக் குடும்பங்களில் சுமார் 37 சதவீதம் ஒரே அறையில் வாழ்ந்தன. அத்தகைய வீட்டில் சமையலும், படுக்கையும், வீடியோ வகுப்பும் ஒரே கூரையின் கீழ் ஒரே அறையில்தான் நடந்தாக வேண்டும். அங்கே அட்டையைக் கதவில் மாட்டுவதில் பயனில்லை.

ஆயினும் அட்டையின் தத்துவம் அங்கேதான் அதிகமாக வேண்டியிருக்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கூடாரம்போல் மடித்து, அதன் இரு புறமும் சிவப்பு வட்டம் வரைந்து, படிக்கிற பிள்ளையின் பக்கத்தில் தரையில் நிறுத்தி வைக்கலாம். அது நிற்கும் வரையில் டெலிவிஷன் பேசாது, மிக்ஸி ஓடாது, குக்கர் அடுப்பில் ஏறாது. அறையைப் பிரிக்கச் சுவர் இல்லாதபோது, நேரத்தையாவது பிரித்துக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் முக்கால் மணி நேரத்தை வீடு முழுவதும் சேர்ந்து காப்பாற்றுகிறது. பெரிய வீட்டில் மூடிய கதவு தருவதைவிட மேலான காவல் அது.

இரண்டாவது அட்டை

இப்பொழுது, நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன விஷயத்துக்கு வருவோம். மேலே பாட்டியையும் பேரனையும் பற்றிக் கூறினோம் அல்லவா? அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவ்வீட்டில் அட்டை ஒன்று செய்யப்பட்டது. ஆபீஸ் கூட்டங்கள் உள்ள வீட்டுத் தலைவரும் அதை உபயோகிக்கத் தொடங்கினார். வீட்டில் ஒழுங்கு ஏற்பட்டது, எல்லோரும் மெச்சினார்கள். அவ்வீட்டுத் தலைவி, அயல்நாட்டில் வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கு மாலையில் வீடியோ மூலம் தமிழ் கற்பிக்கிறவர். அவர் வகுப்பு நடந்த இடம் சமையலறை. மாவு டப்பாவின் மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை அடுப்பில் வைத்து, அவர் உயிரெழுத்துக்களைச் சொல்லிக்கொடுத்தார். இடையிடையே, "காபிப் பொடி எங்கே?", "என் சட்டையை இஸ்திரி போட்டாயா?" என்று ஒவ்வொருவராக வந்து கேட்டுப் போனார்கள். அவர் ஒருவரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. கற்கும் குழந்தைகளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லிவிட்டு, விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தார்.

ஒரு நாள் அவ்வீட்டின் ஏழு வயதுச் சிறுமி, "அம்மாவுக்கு ஏன் அட்டை இல்லை?" என்று கேட்டாள். ஒருவருக்கும் பதில் கிடைக்கவில்லை. யாரும் அதை மறுக்கவில்லை. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். தாய்க்கும் தோன்றவில்லை என்பதுதான் இதில் பெரிய விசனம்.

அட்டையின் உண்மையான பரீட்சை இதுதான் என்பது நம் அபிப்பிராயம். சம்பாதிக்கும் ஆண்மகன் கையில் மட்டும் இருக்கும் அட்டை, அவருடைய வேலை வேலை, மற்றவர் வேலை வேலையன்று என்று கதவில் எழுதி மாட்டியதற்குச் சமானமாகும். தாயின் வகுப்புக்கும், மகளின் பரீட்சைக்கும், அயலூரில் இருக்கும் மகளோடு பாட்டி வாரம் ஒரு முறை மனம் விட்டுப் பேசும் பேச்சுக்கும் அதே அட்டை, அதே மரியாதையுடன் தொங்க வேண்டும். குழந்தைகளைப் பிடித்து இழுத்துச் சென்ற தாயை உலகம் ஆயா என்று எண்ணியது, கண்ணின் பிழையால் மட்டும் அன்று. கதவுக்கு அப்பால் காவல் நிற்பவள் கூலிக்கு வந்தவளாகத்தான் இருப்பாள் என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. நம் வீடுகளிலும் அந்த எண்ணம் இல்லையென்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். ஒருவர் அட்டையை மாட்டும்போது, மற்றவர் அவருக்காகக் குழந்தையையும் அடுப்பையும் வாசல் மணியையும் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கடன் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டியது. இவர் அட்டை தொங்கும் நேரத்தில் அவர் காவல். அவர் அட்டை தொங்கும் நேரத்தில் இவர் காவல் என்று முறை வைத்துக்கொண்டால், அட்டை குடும்பத்தைப் பிரிக்காது. கட்டிப் பிடித்து வைக்கும்.

அந்த வீட்டில் இப்பொழுது இரண்டு அட்டைகள் இருக்கின்றன. இரண்டாவதைச் செய்தவள் அந்தச் சிறுமியே. அதில் வட்டம் சற்றுக் கோணலாக இருக்கிறது. 'வகுப்பு' என்ற சொல்லில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. தமிழ் கற்பிக்கும் தாய் அதைத் திருத்தவில்லை. மாலை 6 மணிக்கு அவர் உள்ளறையில் அமர்ந்து கதவைச் சாத்துகிறார். வீட்டுத் தலைவர் அடுப்படிக்குப் போகிறார். காபிப் பொடி இருக்குமிடம் அவருக்கு இப்பொழுது தெரியும்.

வாசகர்கள் தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய காலண்டர் அட்டைகளைத் தேடி எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். ஒன்று போதாது, இரண்டாக எடுக்கவும். கூட்டம் முடிந்து அட்டையைக் கழற்றியதும், பாட்டி கொண்டுவரும் மோரைக் குடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகவும்.